உன் அப்பா வரைந்த கடல்

மக்கா,

உன் கடிதம் வந்தபோது நான் சாலை பஜாரில் இருக்கிற நம் விளம்பரக் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றபடியே படித்தேன். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது, கொழும்பில் கப்பல் ஏற வேண்டும், தை பிறந்ததும் பயணம் என்றெல்லாம் எழுதியிருந்தாய். படிக்கப் படிக்க சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தக் கடைசி வரி. படம் வரைகிற பிரிவில் சேருகிறாயா, தயாரிப்புப் பிரிவில் சேருகிறாயா என்று டோக்கியோ கார்ட்டூன் படக் கம்பெனியிலிருந்து கேட்டிருக்கிறார்கள், "அம்மா சொன்னபடியே தயாரிப்பு என்று இந்த மாசக் கடைசியில் பதில் போட்டுவிடுவேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த 'அம்மா சொன்னபடியே'யை நீ எப்படி எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு, பேனாவை அழுத்தி. பெற்றவளுக்குத் தெரியாதா? உன் அப்பாவும் படித்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பாதியில் விட்ட சினிமா ஸ்லைடுக்கு வர்ணம் பூசப் போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிப்பதே கல்யாணமான நாள் முதல் எனக்கு ஓர் உத்தியோகம்.

போன ஓணத்துக்கு நீ மதராஸிலிருந்து வந்தபோது உன் படங்களைக் கூடத்தில் வரிசையாகப் பரப்பிவைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். குதிரை ஓடுகிறது, கிழவர் ஒருவர் படி ஏறுகிறார், குழந்தை பந்து எறிகிறது. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "கை நல்ல கையாக்கும் மக்கா. ஆனா ஒண்ணும் நடக்க மாட்டேங்குதே. எல்லாம் போட்டோவுக்கு நிக்க மாதிரி நிக்குது. நீ தயாரிப்புக்குப் போ, அதுக்கு வேண்டிய தலை உனக்கு இருக்கு" என்றேன். நீ படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டாய். அவியலைத் தொடாமல் எழுந்து போனாய். மறுநாள் காலை வண்டியிலேயே கிளம்பியும் விட்டாய். நான் சொன்னது பொய் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் தயாரிப்பு என்பதைத் தோற்றவனுக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசு என்று நினைத்துக்கொண்டு நீ கப்பல் ஏறக்கூடாது. அதனால்தான் கடையை உன் அப்பாவிடம் விட்டுவிட்டு இந்த நீளக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன் சித்தப்பா நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தார். நாகர்கோவில் இப்போது மதராஸ் ராஜ்யம் ஆகிவிட்டதல்லவா, அதனால் வெளிநாட்டிலிருந்து வந்தவர் மாதிரி ஒரு மிடுக்கு. "பய வரையவும் மாட்டான், நடிக்கவும் மாட்டான், கேமராவும் பிடிக்க மாட்டான்னா, பின்னே அங்க போயி என்னத்தைச் செய்வான் மைனி?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டேன். அந்தக் கேள்வியை என்னிடமே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். உன்னைக் கூப்பிட்டிருக்கிற அந்த ஜப்பான்காரரைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, அவருக்கும் ஒரு கோடு நேராகப் போட வராது என்று. சண்டையில் எரிந்துபோன ஊரில், பசியோடு சிதறிக் கிடந்த ஓவியர்களைத் தெருத்தெருவாகத் தேடிப் பிடித்து ஒரு கூரைக்குக் கீழே உட்கார வைத்தார், தாள் கிடைக்காத காலத்தில் சைக்கிளில் தாளைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுத்தார் என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை படித்தேன். அந்த மனிதரின் முகம் எனக்குத் தெரியாது, பாஷை தெரியாது. ஆனால் அவருக்குத் தோளில் எந்த இடத்தில் வலிக்கும் என்று தெரியும். எனக்கும் அதே இடத்தில்தான் வலிக்கும். அவருக்கு சைக்கிள், எனக்கு கரமனை பஸ், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் குடைப்படம் எடுத்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது சித்தப்பா வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தாய். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த வருஷம் அது. உன் அப்பா சினிமா தியேட்டர்களுக்குக் கண்ணாடி ஸ்லைடு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 'முன் சீட்டில் கால் வைக்காதீர்கள்' என்று மூன்று பாஷையில் எழுதி, பக்கத்தில் கால் வைத்தவனின் படம் ஒன்றும் போடுவார். அந்தக் காலைப் பார்த்து ஜனங்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு முன் சீட்டில் காலை வைப்பார்கள். படத்துக்கு முன்னால் ஓடும் வெள்ளைக்காரக் கார்ட்டூன்களை அவர் புரொஜெக்டர் அறையில் நின்று வாயைத் திறந்தபடி பார்ப்பார். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "இதை நாமளும் செய்யலாம் கேட்டியா" என்றார். செய்யலாம் என்று சொன்னது அவர். எப்படிச் செய்வது என்று அலைந்தது நான். தயாரிப்பு என்றால் இதுதான் மக்கா. இதைச் சித்தப்பாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

சாலை பஜாரில் குடைக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சியை நான்தான் பிடித்தேன். குடையைப் பற்றிப் பத்து நிமிஷப் படம், ஐப்பசி மழைக்கு முன்னால் தியேட்டரில் ஓடினால் உங்கள் கடைக்குத்தான் கூட்டம் என்றேன். ஒரு குடை கைதவறிப் போய், சாலையிலிருந்து கை மாறிக் கை மாறி ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் கடலுக்குப் போகிற கதை. அண்ணாச்சி, "கொடை தொலையுற மாதிரி காட்டினா எவன் வாங்குவான் தங்கச்சி?" என்று கேட்டார். "தொலைச்சவன்தானே அண்ணாச்சி புதுசு வாங்குவான்" என்றேன். அன்றைக்கே சம்மதித்துவிட்டார். கேமராவுக்கு ஜோசப். விழிஞ்ஞத்துக்காரன், போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு சினிமா கேமராவை வாங்கிவிட்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல் துணி மூடி வைத்திருந்தான். பிலிம் கழுவுகிற வேலையும் அவனுக்கு அத்துபடி.

வரைகிற கண்ணாடித்தாளுக்குத்தான் பெரும் பாடு. வெளிநாட்டுத் தாள் வாங்க நம்மால் ஆகாது. ஆஸ்பத்திரியில் கழித்துப் போடுகிற எக்ஸ்ரே பிலிம்களை வாங்கி, சலவைச் சோடா போட்டு வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் தெளிந்த தாளாகிவிடும் என்று ஜோசப்தான் சொன்னான். உன் அப்பா காகிதத்தில் வரைவார். அதை இந்தத் தாளில் நகல் எடுத்து, பின்பக்கம் வர்ணம் பூச வேண்டும். அதற்குப் பொறுமையும் சுத்தமும் உள்ள கைகள் நிறைய வேண்டும். கரமனை அக்ரஹாரத்தில் பர்வதம் என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், பிள்ளை இல்லை. அவள் போடுகிற கோலத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் வாசலில் நின்று கேட்டேன். அவள் கண் பளிச்சென்று ஆனது. உடனே உள்ளே திரும்பி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் வெளியே வந்து என் கையிலிருந்த எக்ஸ்ரே பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். யாருடையதோ ஒரு விலா எலும்பு.

"இதை ஆத்துக்குள்ள கொண்டு வரப்படாது. யாரோட எலும்போ என்னமோ. செத்தவாளோடதா இருந்தா?"

"செத்தவங்களுக்கு எவனாவது எக்ஸ்ரே எடுப்பானா மாமி? எல்லாம் பிழைச்சுப் போனவங்களோடதாக்கும்" என்றேன்.

மாமி யோசித்தார். கழுவித் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்தால் சரி, சமையலும் மடியும் முடிந்த பிறகு மத்தியானம் மட்டும், ஆசாரத்துக்கு விரோதமாக ஏதாவது நடந்தால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டார். பர்வதம் தலையை ஆட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. கொஞ்ச நாளில் தெருவில் இன்னும் நாலைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். நான் பஸ்ஸில் தாள்களைக் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுப்பேன், முடிந்ததை வாங்கி வருவேன். ஆனி ஆடி மழையில் வர்ணம் காயாமல் தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும். அடுப்படிச் சூட்டில் கொடி கட்டித் தொங்கவிட்டு, அப்பளம் மாதிரி ஒன்றொன்றாகத் திருப்பிப் போட்டுக் காயவைத்தோம். பர்வதத்தின் கை மட்டும் தனி. மற்றவர்கள் கோட்டின் மேல் கோடு போடுவார்கள். அவள் போட்டால் உன் அப்பாவின் கோடே கொஞ்சம் மூச்சு விடும்.

உன் அப்பா கடைசிக் காட்சியை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தார். குடை கடலுக்குப் போகிற காட்சி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விழிஞ்ஞம் போய் பாறையில் உட்கார்ந்து அலை பார்ப்பார். ஜோசப்பின் அம்மா வீட்டில் மீன்கறியும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, சட்டையெல்லாம் உப்புப் படிந்து வருவார். ஓர் அலை எழும்பி, குடையைத் தூக்கி, விரிந்து, மடங்கி விழுவதை மட்டும் மாதக்கணக்கில் வரைந்தார். அதை நான் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அவர் கையிலிருந்து அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று வந்ததில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொடுத்த என் அப்பாவை அன்றைக்குத்தான் மனதார வாழ்த்தினேன்.

இப்போது என் புத்திசாலித்தனத்தைக் கேள். அண்ணாச்சி நாள் குறிக்கச் சொன்னபோது, விஜயதசமி என்று நான்தான் சொன்னேன். புதிதாக எதையும் தொடங்க அதைவிட நல்ல நாள் உண்டா? அண்ணாச்சிக்கு சந்தோஷம், உன் அப்பா சரி என்றார், மாமிகூட "பேஷ்" என்றார். அண்ணாச்சி தியேட்டரைப் பேசி முடித்து நோட்டீஸும் அடித்துவிட்டார். அந்த நாளைத் தவறவிட்டால் தியேட்டர் வேறு படத்துக்குப் போய்விடும். விஜயதசமிக்கு முந்தின நாள் பூராவும் எவரும் எழுதுகோலையும் தூரிகையையும் தொடக் கூடாது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எல்லாரும் வருஷா வருஷம் பூஜை வைக்கிறவர்கள். அஷ்டமி அன்று காலையில் நானே என் கையால் உன் அப்பாவின் தூரிகைகளையும் கத்தரியையும் துடைத்து, சந்தனம் வைத்து, பூஜைக்கு எடுத்து அடுக்கினேன். அப்போதும் தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்.

அன்று சாயங்காலம் கரமனைக்குப் போனேன். கடல் காட்சியில் பாதித் தாள்களுக்கு வர்ணம் பாக்கி. மறுநாள் நவமி முழுக்க உட்கார்ந்து பூசினால் ஜோசப் படம்பிடித்துக் கழுவிவிடுவான், தசமி மத்தியானத்துக்குள் ஒட்டிவிடலாம் என்பது என் கணக்கு. உள்ளே எட்டிப் பார்த்தேன். கொலுவுக்கு முன்னால் பட்டுத்துணி விரித்து, புத்தகங்களுக்கு மேலே என் கண்ணாடித்தாள் கட்டு, அதன்மேல் பூவும் குங்குமமும். யார் யாருடையதோ விலா எலும்பு இருந்த தாள்களுக்கெல்லாம் அன்றைக்குக் குங்குமப்பொட்டு.

"இதையுமா மாமி வச்சீங்க?" என்றேன்.

"பின்னே? எழுத்தும் வரையறதும் சரஸ்வதிதானே. நாளன்னைக்குக் காலம்பற பூஜை எடுத்தப்பறம்தான் தொடலாம். உங்காத்துல வச்சாச்சோன்னோ?"

வைத்தாச்சு என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன். பர்வதம் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, அவா இப்போ கோவிலுக்குப் போயிடுவா. நான் எடுத்துண்டு வந்து தரேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன, இனிமே வரையாதேம்பா. அது அப்பறம்தானே? படம் நின்னுடப்படாது அக்கா."

சாதாரணமாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். முகம் வெளுத்திருந்தது. அந்த மத்தியான நேரம் அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க அந்த வீட்டில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்கிறவர் கிடையாது. அந்த இரண்டு மணி நேரம்தான் அவள் பர்வதமாக இருந்தாள். நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்துக்கொண்டு வந்திருப்பாள். சொல்ல வாயெடுத்தேன், மக்கா. அண்ணாச்சி, தியேட்டர், நோட்டீஸ், உன் அப்பாவின் கடல் எல்லாம் கண்முன் நின்றன. "வேண்டாம், நீ போ உள்ளே" என்று கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நான் பெரிய தர்மவதி என்று நினைத்துக்கொள்ளாதே. அவள் கை போனால் அடுத்த படத்துக்கு நான் எங்கே போவேன் என்றும் யோசித்தேன். ஒரு படத்துக்காக ஆளை இழந்தால் அப்புறம் படமும் கிடையாது, ஆளும் கிடையாது. ஜப்பானிலும் இது இப்படித்தான் இருக்கும்.

மறுநாள் காலை மறுபடியும் கரமனைக்கே போனேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. நவமி, அதனால் தெரு முழுக்கப் பெரிய பெரிய கோலம். பர்வதம் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, தூறல் விழுகிற மாதிரி. நான் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு மாமியைக் கூப்பிட்டேன்.

"மாமி, இன்னைக்குக் கோலம் போடலாமா?"

"என்னடி கேள்வி இது? போடாம இருந்தாத்தான் தோஷம்!"

அடுத்த பஸ்ஸில் ஜோசப்பின் ஸ்டுடியோவுக்கு ஓடினேன். உன் கேமராவைப் பூஜைக்கு வைத்துவிட்டாயா என்று மூச்சு வாங்கக் கேட்டேன். "எனிக்கு ஏது பூஜை சேச்சி? கேமராவுக்கும் இல்ல" என்று அவன் சிரித்தான். அன்றைக்கு அவன் வேதக்காரனாய்ப் பிறந்ததற்கு நான் எல்லாச் சாமிக்கும் நன்றி சொன்னேன்.

மூங்கில் ஏணி இரண்டைத் தெருவில் நட்டுக் கட்டி, உச்சியில் கேமராவைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தான் ஜோசப். பர்வதம் ஒரு புள்ளி வைத்துக் கையை எடுப்பாள், அவன் ஒரு தடவை கைப்பிடியைச் சுற்றுவான். இன்னொரு புள்ளி, இன்னொரு சுற்று. மழைத்துளிகளாகப் புள்ளிகள் விழுந்து நிறைய, ஒரு கோடு கிளம்பி அவற்றை வளைத்து வளைத்து ஒரு குடையாக முடிய வேண்டும். தெருவே வேடிக்கை பார்த்தது. உன் அப்பாவுக்கு ஆள் அனுப்பியிருந்தேன். வந்தார், பார்த்தார். ஏணி ஆடுகிறது என்று ஜோசப் கத்தினான். உன் அப்பா போய் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடைசிவரை அப்படியே நின்றார்.

கோலம் முடிகிற சமயத்தில் வானம் இருட்டி, சொட்டுச் சொட்டாகத் தூறல் விழ ஆரம்பித்தது. நிஜத் தூறல். மாவுக் கோட்டில் ஒரு துளி விழுந்து கரைந்தது, அப்புறம் இன்னொன்று. பர்வதத்துக்கு என்ன தோன்றியதோ, என் குடையைப் பிடுங்கி விரித்து, கையை நீட்டிக் கோலத்துக்கு மேலே பிடித்துவிட்டாள். வளையல் போட்ட அவள் கை படத்துக்குள் வந்துவிட்டது. "கையை எடு!" என்று நான் அலறினேன். ஜோசப் நிறுத்தவே இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தான், பிலிம் தீரும்வரை.

தசமி காலையில் பூஜை எடுத்ததும் உன் அப்பா கத்தரியை எடுத்து, ஜோசப் கழுவிக் கொண்டுவந்த கோலத்தைப் படத்தின் முடிவில் ஒட்டினார். சாயங்காலம் தியேட்டரில் ஓடியது. வரைந்த குடை ஊரெல்லாம் சுற்றி, கோலக் குடையாகி, அதன்மேல் மழை விழுந்து, ஒரு பெண்ணின் கை விட்டு விட்டு உள்ளே வந்து அதற்கு ஒரு குடை பிடிக்கிறது. அப்புறம் பெஞ்சு டிக்கெட்காரர்கள் ஆரம்பித்தார்கள் பார், கைதட்டலும் விசிலும். அண்ணாச்சி என் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். அக்ரஹாரத்தில் யாரோ போய், உங்கள் மாட்டுப்பெண்ணின் கை சினிமாவில் வருகிறது என்று வத்திவைத்துவிட்டார்கள். மாமி, "கைதானே தெரியறது, மூஞ்சி தெரியலையே, போறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாராம். பர்வதம் இன்றைக்கும் நம் விளம்பரப் படங்களுக்கெல்லாம் தலைமைக் கை. மாமியே இப்போது, "இந்த ஆட்டுக்குட்டிக்குக் கால் சரியில்லேடி" என்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியாது. நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் படத்தை ஓட்ட அண்ணாச்சி ஆசைப்பட்டார். இப்போது அவசரம் இல்லை, நாள் இருக்கிறது. கடல் காட்சிக்கு வர்ணம் பூசி முடித்து, படம்பிடித்து, இரண்டு முடிவையும் ஒரு காலை நேரத்தில் காலித் தியேட்டரில் போட்டுப் பார்த்தோம். கடல் அற்புதமாக இருந்தது. ஆனால் அது வந்ததும் படம் உட்கார்ந்துவிட்டது. கோலம் வந்தபோது எழுந்து நின்றது. எனக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது. விளக்கைப் போட்டார்கள். பர்வதம், "மாமாவோடதுதான் வேணும் அக்கா, என்னோடது வெறும் கோலம்" என்றாள். ஜோசப் தரையைப் பார்த்தான். அண்ணாச்சி, "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. தங்கச்சி சொல்லட்டும்" என்றார். உன் அப்பா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "கோலம்தான்" என்றேன்.

அவர் எழுந்து புரொஜெக்டர் அறைக்குப் போனார். ஜோசப் பின்னால் போய், நான் வெட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். "வேண்டாம், நானே செய்யுதேன்" என்று சொல்லி, தன் கடலைத் தானே வெட்டி எடுத்தார். மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டோம். ரசம் நன்றாக இருக்கிறது என்றார். நீ நாகர்கோவிலில் படம் பார்த்துவிட்டு, 'கடைசிக் கோலம் பிரமாதம்' என்று எழுதியிருந்தாய். அந்தக் கார்டை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினதும் அவர்தான். அதற்குப் பிறகு நம் கம்பெனிப் படம் எதற்கும் அவர் வரையவில்லை. ஸ்லைடோடு நிறுத்திக்கொண்டார். நானும் கேட்கவில்லை. நான் செய்தது சரி, அவருக்கு வலித்தது, இரண்டும் உண்மை, பேசி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, உனக்கு ஒரு புத்திமதியோடு கடிதத்தை முடிப்பதாக இருந்தேன். நீ யாரை அதிகம் நேசிக்கிறாயோ அவர்கள் செய்ததையும் ஒருநாள் வெட்ட வேண்டி வரும், தயங்காதே, அந்தப் பாரத்தை அவர்கள்மேல் வைக்காமல் நீயே சுமந்துகொள் என்று. வாக்கியம்கூட மனதில் தயாராக இருந்தது. நேற்று மத்தியானம் உன் அப்பா காப்பி குடிக்க வந்தார். அவரைப் பற்றி எழுதிவிட்டு அவருக்குத் தெரியாமல் அனுப்பக்கூடாதே என்று அந்தத் தியேட்டர் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். தம்ளரைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கே" என்றார்.

"உங்களுக்கு என்மேல கோவமா?"

"வெட்டினதுக்கா? அது எனக்கும்தானே தெரிஞ்சுது. கோலம்தான் நல்லா இருந்துது." காப்பியை ஒரு வாய் குடித்தார். "எங்கிட்டே நீ கேட்டிருந்தா நானும் கோலம்னுதான் சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துது. நீ கேக்கல்லே."

அவ்வளவுதான். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன், மக்கா. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவர் சொல்லியிருந்தால் அது அவர் கொடுத்ததாக இருந்திருக்கும். பர்வதத்தின் காதில் விழ, ஜோசப்பின் காதில் விழ, அவர் தன் கடலைத் தானே விட்டுக்கொடுத்திருப்பார். நான் சொன்னதால் அவரிடமிருந்து எடுத்ததாகிவிட்டது. இத்தனை வருஷம் அவர் வரையாமல் இருந்ததற்கு நான் என்னென்னவோ காரணம் கற்பித்துக்கொண்டிருந்தேன். இது ஒன்றுதான் எனக்குத் தோன்றவில்லை. எழுதி வைத்திருந்த புத்திமதியை நான் இப்போது உனக்குச் சொல்லப்போவதில்லை. எனக்கே அது சரியா என்று தெரியவில்லை.

உன் படங்கள் நடக்கவில்லை என்று நான் சொன்னதை மாற்றப்போவதும் இல்லை. நாளைக்கு நீ இன்னொரு குதிரையை வரைந்துகொண்டு வந்தாலும், அது நிற்கிறது என்றால் நிற்கிறது என்றுதான் சொல்வேன். ஆனால் ஓணத்தன்று நீ கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது, உனக்கு என்ன தோன்றுகிறது என்று நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உனக்கே தெரிந்திருக்கலாம். தெரிந்தும் வரையத்தான் ஆசை இருந்திருக்கலாம். நிற்கிற குதிரையை நடக்கவைக்கக் கற்றுக்கொள்ளத்தான் அவ்வளவு தூரம் போக நினைத்தாயோ என்னவோ. முன்பின் தெரியாத அந்த ஜப்பான்காரர் கடல் தாண்டி உன்னிடம் கேட்டிருக்கிறார், எந்தப் பிரிவு என்று. பத்து மாதம் சுமந்தவள் கேட்கவில்லை.

பதில் போட இன்னும் நாள் இருக்கிறது. அம்மா சொன்னபடி என்று எழுதாதே. வரைகிற பிரிவு என்று எழுதினால் எனக்கு வருத்தம் இல்லை. தயாரிப்பு என்று எழுதினால், அது நீ எழுதியதாக இருக்கட்டும். தாமதமாகத்தான் கேட்கிறேன், ஆனாலும் கேட்கிறேன். உனக்கு எதில் சேர ஆசை, மக்கா?

உன் அம்மா